வழு கண்டால் வாளாவிராதீர்!

(சவ்வாது மலை, சமுனாமரத்தூரில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இம்மலைமேல் நின்று பேசுவோர்க்கு மலைபடுகடாம் நினைவுக்கு வாராமற் போகாது. இங்கே பிறந்து கீழிறங்கும் செய்யாற்றைச் சேயாறு என்று பாடிய நூல் அது. செங்கண்மாவின் தலைவனாகிய நன்னனைப் பாட வந்த பெருங்கௌசிகனார், தம் 583 அடிகளில் அவன் புகழை மட்டும் கூறி அமையவில்லை. பரிசில் பெற்று மீண்ட கூத்தன், இனிமேற் செல்லவிருக்கும் கூத்தனுக்கு வழி சொல்கின்றான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எவ்விடத்தில் வந்து விழும், கால் வழுக்கும் பாறை எது என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றான். தான் கடந்துவிட்ட பின்னும், வருகிறவன் விழுந்துவிடக் கூடாதே என்று அவன் சொல்கின்றான். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் உள்ளுயிரே இந்த அறவுணர்வுதான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இதனோடு உறவுடையதே. கணினியிலும் கைப்பேசியிலும் தமிழைப் பயன்படுத்தும்போது நாம் காணும் வழுக்களை, அந்நிரல்களை ஆக்குவோர்க்கு முறையாக எழுதி அறிவித்தல் என்பதே அப்பொருள். இது பொறியியலார் வேலை, நமக்கென்ன என்று எவரும் எண்ணவேண்டா. இது தமிழறிந்தார் வேலை. தமிழறிந்தார் செய்யாவிடில் வேறெவரும் செய்யமாட்டார் என்பதை விளக்கவே வந்துள்ளேன்.

முதலில், திறந்த மூலநிரல் என்பது யாதென அறிவோம். கணினிக்கு மாந்தர் எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பே நிரல். எழுதியவர் எழுதியவாறே உள்ள வடிவம் மூலநிரல். வணிக நிறுவனங்கள் பலவும் அதனைப் பூட்டி வைத்துக்கொண்டு, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்கின்றன. திறந்த மூலநிரலோ அவ்வாறன்று. எவரும் அதனைப் பார்க்கலாம், பயிலலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். அதில் வழு கண்டவர் பதிவதற்கென்றே ஒரு பொதுப் பதிவேடு இருக்கும். அப்பதிவேட்டில் எழுத எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. பட்டமும் வேண்டா, பணமும் வேண்டா.

இவ்வியக்கம் தோன்றியதே ஒரு வழுவிலிருந்துதான். 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்க நாட்டு மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் இரிச்சர்டு சுடால்மன் என்னும் நிரலர் பணியாற்றினார். அங்கிருந்த அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய பொறி இருந்தபோது, தாள் சிக்கினால் காத்திருப்போர்க்குச் செய்தி போகுமாறு அதன் நிரலை அவர் திருத்தியிருந்தார். புதிய பொறி வந்தது. அதன் மூலநிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டார். எவர்க்கும் தருவதில்லை என்று உறுதியளித்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். கண்ணெதிரே குறை இருக்கின்றது; அதனைக் களையும் ஆற்றலும் இருக்கின்றது; களையும் உரிமைதான் இல்லை! இந்நிலையைப் பொறாத சுடால்மன், 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், எல்லார்க்கும் உரிமையான இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டுசு, லினக்சு என்னும் கருவகத்தை வெளியிட்டார். இன்று உலகின் பெருங்கணினிகளையும் ஆண்டிராய்டு கைப்பேசிகளையும் இயக்குவது அக்கருவகமே.

உரிமை பறிக்கப்பட்டவர்க்கே உரிமையின் அருமை தெரியும். தமிழர்க்கு அதனை விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை. ஆனால் ஒன்று கேட்கின்றேன். கதவு திறந்திருக்கும்போது உள்ளே புகாமல் வாயிலில் நின்று கூக்குரலிடுவது எவ்வகை அறிவுடைமை? கணினி தமிழைக் கெடுக்கின்றது என்று மேடைகளிற் கேட்கின்றோம், தீர்மானங்களிற் படிக்கின்றோம். எந்த நிரல், எந்தப் பதிப்பு, எவ்விடத்தில், எவ்வாறு கெடுக்கின்றது என்று எத்துணைப் பேர் எழுதினர்? மேடையில் முழங்கிய குறை மேடையோடு போகும். பதிவேட்டில் எழுதிய குறை, களையப்படும் வரை அங்கேயே நின்று விடை கேட்கும்.

தோழர்களே! ஆங்கிலேயர் நிரலிலுள்ள குறையைப் பூச்சி என்னும் பொருள்பட வழங்குகின்றனர். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆக்கிய கணிப்பொறி ஒன்றின் உறுப்பிடையே அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டு, அதனை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டிவைத்தனர். அச்சொல் அதற்கு முன்பே பொறியாளர் வழக்கில் இருந்ததுதான். எனினும் கண்டதைக் கண்டபடியே ஏட்டிற் பதித்த அந்த ஒழுங்கு போற்றத்தக்கது.

நமக்கோ பூச்சி வேண்டா. வழு என்னும் சொல் நம்மிடம் உண்டு. தமிழ்க் கணினியாளரும் அச்சொல்லையே ஆள்கின்றனர். வெறுஞ்சொல்லா அது? வழு என்ன, வழாநிலை என்ன, வழுவமைதி என்ன என்று இலக்கணம் வகுத்து வைத்த இனம் இது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்று பாயிரம் கூறும். அவ்வாசான் குற்றம் எடுத்துக்காட்டக் காட்டத் தொல்காப்பியர் விடையிறுத்தார் என்பது நச்சினார்க்கினியர் உரையால் அறியவரும் செய்தி. குற்றம் கூறுவோரைக் கூட்டி வைத்து அவர் முன் நூலை ஓதுவது நம் மரபு. திறந்த மூலநிரலார் இன்று செய்வதும் அதுவேயன்றி வேறென்ன?

நம் இலக்கண நூலார் வழுவை ஏழாக வகுத்தனர்: திணை, பால், இடம், காலம், வினா, செப்பு, மரபு. இவ்வேழும் கணினித் திரையில் எவ்வாறு வரும் என்று பாருங்கள்.

‘கயல்விழி உங்களுக்குச் செய்தி அனுப்பியது’ என்று திரையில் வந்தால், அது திணைவழு. பெயருக்குரிய இடத்தை வெற்றாக விட்டு, வினைமுற்றை முன்னமே அஃறிணையில் எழுதிவைத்ததால் நேர்வது. ‘1 கோப்புகள் நீக்கப்பட்டன’ என்பது ஒருமை பன்மை மயங்கிய பால்வழு. ‘நீங்கள் உள்நுழைந்துள்ளார்’ என்பது இடவழு. வேலை முடிந்த பின்னும் ‘நீக்குகிறது’ என்று நிற்பது காலவழு. ‘நீக்கவா?’ என்று கேட்கவேண்டிய இடத்தில் ‘நீக்கு?’ என்று கேட்பது வினாவழு. ‘மாற்றங்களைக் கைவிடலாமா?’ என்று வினவிவிட்டு, ‘ஆம்’, ‘வேண்டா’ என்று விடை தராமல், ‘சரி’, ‘விலக்கு’ என்று இரு பொத்தான்களை வைத்தால், எதனை அழுத்தினால் எழுதியது காப்பாற்றப்படும் என்பது எவர்க்கு விளங்கும்? அது செப்புவழு. நாம் கணக்குத் தொடங்குவோம். ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்து ‘கணக்கைப் படை’ என்றெழுதினால் அது மரபுவழு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூலில் தொகுத்துத் தந்த ஏழு வழுவும் இருபத்தொன்றாம் நூற்றாண்டுத் திரையில் அப்படியே பொருந்துகின்றன! இவற்றைக் கண்டுபிடிக்க நிரல் எழுதத் தெரிய வேண்டுமா? நன்னூல் தெரிந்தால் போதும். செருமனியிலோ அமெரிக்காவிலோ இருந்து நிரல் எழுதுகின்றவர் எத்துணை நல்லவராயினும், கயல்விழி உயர்திணை என்பதை அவர் எவ்வாறு அறிவார்? அறிந்த நாம் சொல்லாதிருந்தால் குற்றம் அவருடையதா, நம்முடையதா?

இனி, சொற்றொடரைக் கடந்து எழுத்தின் அடிப்படைக்கே செல்லும் வழு ஒன்றைக் காட்டுகின்றேன். நம் நெடுங்கணக்கின் மெய்வரிசை க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது. கணினியுள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரப்பட்டுள்ளது. அதற்கு ஒருங்குறி என்று பெயர். ஒருங்குறியில் தமிழெழுத்துகளுக்குத் தந்த எண்வரிசை நெடுங்கணக்கு வரிசையன்று. அங்கே ந என்பதை அடுத்து ன நிற்கின்றது. ர என்பதை அடுத்து ற. ல என்பதை அடுத்து ள, ழ. அதன் பின்னரே வ. கிரந்த எழுத்தாகிய ‘ஜ’ என்பதோ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே அமர்ந்துள்ளது!

இதனால் வரும் கேடு என்ன? ஒரு பள்ளி மாணவர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அமுதன், அரசி, அல்லி, அழகன், அறிவன், அன்பழகன் என்பதே முறையான வரிசை. எண்வரிசையை மட்டுமே பின்பற்றும் நிரலிடம் கொடுத்தால், அன்பழகன், அமுதன், அரசி, அறிவன், அல்லி, அழகன் என்று அடுக்கித் தரும். கடைசியில் நிற்கவேண்டிய அன்பழகன் முதலில் வந்து நிற்பான். அகரமுதலியில் இவ்வாறானால் சொல்லைத் தேட முடியாது. நூலகப் பட்டியலில் இவ்வாறானால் நூல் இருந்தும் இல்லையென்றே திரும்புவர். அதனினும் கொடியது, இவ்வரிசையையே நாள்தோறும் காணும் பிள்ளை இதுதான் தமிழ்வரிசை என்று நம்பிவிடுவது.

இது தமிழுக்கு எதிராக எவரோ செய்த சூழ்ச்சி என்று உடனே கூறிவிடாதீர்கள். இந்திய மொழிகளுக்கென 1988ஆம் ஆண்டு வகுத்த குறியேற்றம் தேவநாகரியின் கட்டத்தை அச்சாகக் கொண்டது. அக்கட்டத்தில் நம் எழுத்துகளைப் பொருத்தினர். நாகரியில் ஒலி உண்டு, தமிழில் இல்லை என்ற இடங்கள் இன்றும் ஒருங்குறித் தமிழ்ப்பகுதியில் வெற்றிடங்களாகவே கிடக்கின்றன. ஒருங்குறியாளர் 1991இல் அதனையே அடியொற்றினர். பிறமொழிக்கு அமைத்த அச்சில் தமிழை வார்த்ததன் விளைவு இது. இக்கரணியத்தை அறிந்து பேசினால் நம் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அறியாமல் சினந்தால் நம்மை நாமே எளியராக்கிக் கொள்வோம்.

கொடுத்த எண்களை இனி மாற்றவியலாது; ஒருங்குறியின் நிலையான நெறி அது. ஆனால் வரிசைப்படுத்தும் முறையைத் தனியே வகுக்கலாம். ஒருங்குறி அமையம் பேணும் மொழிவழக்குத் தரவுத் தொகுப்பில் தமிழுக்குரிய வரிசைமுறை இடம்பெற்றுள்ளது. அதனை எடுத்தாளும் நிரல்கள் நெடுங்கணக்கு முறைப்படியே அடுக்குகின்றன. எடுத்தாளாத நிரல்கள் இன்னும் பல. எது எடுத்தாள்கின்றது, எது எடுத்தாளவில்லை என்று ஆய்ந்து, ஒவ்வொன்றன் பதிவேட்டிலும் எழுதவேண்டியது யார் கடமை? மருந்து இருக்கின்றது. நோய் இருக்குமிடத்தைச் சொல்வார்தாம் இல்லை.

இன்னும் ஒன்று. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்துணை எழுத்து? மூன்று என்று பள்ளிப்பிள்ளையும் கூறும். பல நிரல்கள் ஐந்து என்கின்றன. தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று தனித்தனியே எண்ணுகின்றன. அதனால் இத்துணை எழுத்துக்கு மேல் எழுதலாகாது என்று வரம்பு கட்டும் இடங்களில் தமிழர்க்கு மட்டும் இடம் குறைகின்றது. சொல்லை வெட்டும்போது உயிர்மெய்யின் உடல் ஒருபுறமும் குறி ஒருபுறமுமாகப் பிளக்கின்றது. எழுத்தெண்ணிப் பாடிய இனத்துக்கு இது சிறு குறையா? தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே எண்ணும் ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் திறந்த நிரற்கட்டை நம்மவரே ஆக்கி வைத்துள்ளனர். அதையும் பயன்படுத்திப் பார்த்துக் குறைநிறை எழுதுவோர் வேண்டும்.

வழுவைக் கண்டதும், அது எங்கே பிறந்தது என்று நோக்கவேண்டும். எல்லாப் பழியையும் நிரல்மேற் போடலாகாது. ஔவையின் பெயரை ஒருவர் தேடுகின்றார். நூலில் இருந்தும் கிடைக்கவில்லை. நிரலின் குறையா? அந்நூலைத் தட்டெழுதியவர் ‘ஔ’ என்னும் ஓரெழுத்துக்கு மாறாக, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ என்று எழுதியிருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இங்கே திருத்தவேண்டியது தட்டெழுத்தை. எழுத்து உடைந்து தோன்றினால் எழுத்துருவில் குறை இருக்கலாம். அழுத்திய விசைக்கு வேறெழுத்து வந்தால் விசைப்பலகை நிரலில் குறை இருக்கலாம். வேறோர் எழுத்துருவிலும் வேறொரு கணினியிலும் செய்து பார்த்தால் உண்மை புலப்படும். நோய் ஒருவர்க்கிருக்க மற்றொருவர்க்கு மருந்து கொடுக்கலாகாது அன்றோ?

எவ்வாறு எழுதுவது என்பதற்கு வெளியூர்ச் சான்று தேடவேண்டா. இம்மலைத்தொடரிலேயே, ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வான்நோக்ககம் இருக்கின்றது. வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் அங்கே உள்ளது. அதற்கும் முன்னே, 1972இல் நிறுவிய ஒரு மீட்டர்த் தொலைநோக்கியால் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று கேளுங்கள்.

1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், யுரேனசு என்னும் கோள் தொலைவிலுள்ள விண்மீன் ஒன்றன் முன்னே கடக்கவிருந்தது. காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அவ்விண்மீன் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். எதிர்பாரா வகையில் ஒளி சற்றே மங்கி மீண்டது. கருவிக் கோளாறு என்று தள்ளிவிடாமல் அதனைப் பதிந்து வைத்தனர். புதிய துணைக்கோள் ஒன்று மறைத்திருக்கும் என்று கருதி எழுதினர். வானூர்தியிலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழுவினரும் பிற இடத்தினரும் இத்தகைய மங்கல்களைப் பதிந்திருந்தனர். எல்லாவற்றையும் ஒப்புநோக்கியபோது, மறைத்தவை யுரேனசைச் சூழ்ந்த வளையங்கள் என்று தெளிவாயிற்று. காவலூர்ப் பதிவும் அம்முடிவுக்குத் துணைநின்றது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? கண்டது வேறு, கருதியது வேறு. கருதியது மாறலாம், கண்டதைக் காலமும் கருவியும் குறித்துச் செவ்வனே பதிந்திருந்தால் அது என்றும் பயன்படும். வழு அறிவிப்பவரும் அவ்வாறே, தாம் கண்டதை முதலில் எழுதவேண்டும். தம் கருத்தைப் பின்னர்த் தனியே எழுதலாம்.

‘உங்கள் நிரல் தமிழைக் கொல்கின்றது, உடனே நிறுத்துக!’ என்று எழுதினால் என்ன பயன்? படிப்பவர் எதனை நிறுத்துவார்? இவ்வாறு எழுதுக: ‘நிரலின் பெயர் இது; பதிப்பெண் இது; இயங்குதளம் இது. அமுதன், அன்பழகன், அரசி என்னும் மூன்று பெயர்களை இட்டு வரிசைப்படுத்தும் கட்டளையைத் தந்தேன். அன்பழகன், அமுதன், அரசி என்று வந்தது. அமுதன், அரசி, அன்பழகன் என்று வரவேண்டும். தமிழ் நெடுங்கணக்கில் ன என்பதே இறுதி மெய். மற்றும் இரு கணினிகளில் செய்து பார்த்தேன், அவ்வாறே வந்தது.’ இவ்வளவே. செய்தது, வந்தது, வரவேண்டியது என்னும் மூன்றும் இருந்தால், தமிழே அறியாத நிரலரும் தம் கணினியில் அவ்வழுவைத் தோற்றுவித்துக் காண்பார். கண்டால் களைவார்.

இன்னும் சில நெறிகள் உண்டு. ஓர் அறிவிப்பில் ஒரு வழுவே எழுதுக. பத்தைக் கட்டி எழுதினால், ஒன்பது தீர்ந்து ஒன்று நின்றாலும் கணக்கு முடியாது. எழுதும் முன், வேறொருவர் அதனை முன்னமே எழுதியுள்ளாரா என்று தேடுக. எழுதியிருந்தால் அங்கேயே உங்கள் சான்றைச் சேர்க்க. திரையின் படத்தை இணைக்க. அதனோடு எழுத்தையும் தருக, படத்திலுள்ள எழுத்தைப் படியெடுக்கவியலாது. மறுவினா எழுப்பினால் விடை கூறுக. எழுதிப் போட்டுவிட்டு மறைந்துவிடலாகாது. திருத்தி வெளியிட்டால், புதிய பதிப்பில் செய்து பார்த்து, தீர்ந்தது என்றோ தீரவில்லை என்றோ தெரிவிக்க. கடவுச்சொல், கைப்பேசி எண், பிறர் பெயர்ப்பட்டியல் முதலியவற்றைப் பொதுப் பதிவேட்டில் இடாதீர்கள். நிரலின் காவலை உடைக்கக்கூடிய வழுவாயின், அதனைப் பொதுவில் எழுதாமல், அதற்கென்று குறித்துள்ள தனிவழியில் தெரிவிக்கவேண்டும்.

நீங்கள் வழு என்பதை அவர்கள் வழுவன்று, வேண்டுமென்றே அமைத்தது என்று கூறுவதும் உண்டு. அது வழுவமைதி! இலக்கணத்தில் வழுவமைதியைக் கரணியம் காட்டி ஏற்கின்றோம். அங்கும் கரணியத்தைக் கேளுங்கள். பொருந்தினால் ஏற்க, பொருந்தாவிடின் சான்றோடு மறுக்க. பெரும்பாலான திட்டங்களைப் பேணுவோர் ஊதியமின்றி உழைப்பவர் என்பதையும் மறவாதீர்கள். அவரை இகழ்ந்து எழுதும் ஒரு சொல், தமிழினத்துக்கே இழுக்காகும்.

இனி, அன்பர் சிலர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறுவேன்.

பதிவேடுகளில் ஆங்கிலத்தில் எழுதவேண்டியுள்ளதே, தனித்தமிழ் பேசும் நாம் அதனைச் செய்யலாமா என்பர். தமிழின் முதன்மையை உலகோர்க்கு உணர்த்த மொழிஞாயிறு பாவாணரே 1966ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூல் எழுதினார். தமிழில் ஆங்கிலம் கலப்பதைத்தான் எதிர்க்கின்றோம். தமிழுக்காக ஆங்கிலத்தில் வாதிடுவதை எதிர்க்கவில்லை. ஆங்கிலம் எழுத இயலாதவர் தமிழிலேயே குறிப்பெடுக்கட்டும். அறிந்தவர் பெயர்த்து எழுதட்டும். கண்டவர் ஒருவர், எழுதியவர் ஒருவர் என்றிருப்பதில் இழிவில்லை.

நாம் எழுதினால் எவர் கேட்பர் என்பர். 2010ஆம் ஆண்டில், ஒருங்குறியின் தமிழ்ப் பகுதிக்குள் கிரந்த எழுத்துகளைச் சேர்க்கும் முன்மொழிவு வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழறிஞர் சான்றுகளோடு எதிர்த்தெழுதினர். தமிழ்நாட்டு அரசும் நடுவணரசுக்கு எழுதியது. தமிழ்ப் பகுதியில் அக்கலப்பு நேரவில்லை. கிரந்தம் 2014இல் தனிப்பகுதியாகவே இடம்பெற்றது. காலத்தே எழுதிய எழுத்துக்கு வலிமை உண்டு. விடை வாராத அறிவிப்புகளும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பதிவுகளும் உள. ஆயினும் பதிவு இருந்தால், நாளை வரும் இளைஞர் ஒருவர் அதனைக் கண்டு தாமே திருத்துவார். பதிவே இல்லையேல் எதனைக் கொண்டு தொடங்குவார்?

இத்துணைச் சிறு குறையைப் போய் எழுதுவதா என்பர். 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஆந்திரசு பிராய்ண்டு என்னும் நிரலர், தொலைக்கணினி ஒன்றில் நுழையும்போது ஏறத்தாழ அரைநொடி மிகுதியாவதைக் கண்டார். அரைநொடிதானே என்று விடவில்லை. மூலநிரல் திறந்திருந்ததால் துருவிச் சென்றார். உதவுவார் போல நடித்துப் புகுந்த ஒருவர், கோப்புகளைச் சுருக்கும் நிரலொன்றில் கள்ளவழி வைத்திருந்தது வெளிப்பட்டது. மார்ச்சு 29ஆம் நாள் அவர் எழுதிய ஒற்றை அறிவிப்பால், உலகெங்கும் பரவவிருந்த பெருங்கேடு தடுக்கப்பட்டது. அரைநொடியைப் பொருட்படுத்திய ஒருவரால் ஆயிரமாயிரம் கணினிகள் பிழைத்தன. அவ்வாறிருக்க, ஒரு புள்ளி பிழையாக விழுவதைச் சிறிதென்று எண்ணலாமா? புள்ளி ஒன்றால் உயிர்மெய், மெய்யாக மாறும் மொழியன்றோ நம்முடையது!

மலைவாழ் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன்சிட்ரீட்மேப்பு’ என்னும் திறந்த நிலப்படத் திட்டம் ஒன்று உண்டு. நிலப்படத்தில் ஓரிடத்தைக் குறித்து, இங்கே இது பிழை என்று எவரும் குறிப்பெழுதலாம். ஊர்ப்பெயரின் தமிழ் வடிவத்தையும் அதில் இடலாம். உங்கள் சிற்றூரின் பெயரை, ஓடையின் பெயரை, பாறையின் பெயரை உங்களைவிட அறிந்தவர் உலகில் எவருமில்லை. ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து மீண்டும் தமிழில் எழுதும்போது ழகரமும் ளகரமும் லகரமாவதை நாம் அறிவோம். பாட்டன் வைத்த பெயர் பேரன் கைப்பேசியில் உருத்திரிந்து கிடக்கலாமா? சாமை விளைந்த கொல்லையில் களையெடுக்க வெளியூரார் வருவாரோ? நாமேதான் எடுக்கவேண்டும்.

ஆகவே, செய்யவேண்டியது இது. பள்ளிகளிலும் நூலகங்களிலும் வழுப்பதிவேடு என்று ஒரு குறிப்பேடு வைப்போம். தமிழைக் கணினியில் ஆளும்போது எவர் எதனைக் கண்டாலும், நாள், நிரல், பதிப்பு, செய்தது, வந்தது, வரவேண்டியது என்று ஆறு கட்டங்களில் எழுதுவோம். தமிழாசிரியர் அதனைப் பார்த்து, எழுவகை வழுவில் எவ்வகை என்று குறிக்கட்டும். கணினி பயிலும் மாணவர் வேறு கணினியில் செய்து பார்த்து உறுதி செய்யட்டும். ஆங்கிலம் அறிந்தவர் பெயர்த்து உரிய திட்டத்துக்கு எழுதட்டும். ஆசிரியர், மாணவர், உழவர் மூவரும் கூடினால் இப்பணி எளிது. திங்களுக்கு ஒன்று எழுதினாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு. ஊருக்குப் பன்னிரண்டு என்றால் தமிழ்நாட்டுக்கு எத்துணை என்று நீங்களே கணக்கிடுங்கள்.

மொழிப்போரில் நம் முன்னோர் உயிரையும் ஈந்தனர். நம்மிடம் கேட்பது உயிரன்று. ஒரு நாழிகைப் பொழுதும், ஒரு தாள் எழுத்தும், சற்றுப் பொறுமையும்தான். வழு செய்தவர் அறியாமையாற் செய்தார். கண்டும் சொல்லாதவர் அறிந்தே செய்கின்றார். ஆதலின் வழு கண்டால் வாளாவிராதீர்! எழுதுங்கள்; சான்றோடு எழுதுங்கள்; தீரும் வரை எழுதுங்கள்.

வெல்க தமிழ்!